சித்தியின் சிங்கப்பல்

என் சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, மேல்வரிசையில் இடப்பக்கத்துக் கோரைப்பல் மற்ற பற்களை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வளர்ந்திருந்தது. சிங்கப்பல் என்போம். அவள் சிரிக்கத் தொடங்குமுன்பே அது சிரித்துவிடும். கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டில் தங்கி, காரைக்காலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய்வந்தாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் முடிந்து கிளம்புகையில், மாப்பிள்ளையின் அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கூட வந்தவரிடம், "எல்லாம் சரி, அந்தப் பல்லுதான்..." என்று ஆரம்பித்தது என் காதில் விழுந்தது. எந்தச் செய்தியையும் வீட்டில் முதலில் சொல்வது நானாக இருக்க வேண்டும் எனக்கு. மீதியைக் கேட்க நிற்காமல் உள்ளே ஓடினேன்.

"சித்தி, அவங்களுக்கு ஒம் பல்லு புடிக்கலையாம்!"

சித்தி சட்டென்று உதட்டை மூடிக்கொண்டாள். சம்மதம் என்று மறுநாள் போன் வந்தபோதும் அவள் வாய் திறந்து சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, வளையல் வாங்கப் போவதாகச் சொல்லி என்னைக் காரைக்காலுக்குக் கூட்டிப்போனாள். போய் நின்றது பல் டாக்டரம்மாவிடம். சித்தி பல்லை எடுக்கச் சொன்னதும் அவர் மனமில்லாமல் பேசினார்.

"வாய்க்கு இது மூலைத்தூண் மாதிரிங்க. கடிச்சுக் கிழிக்க மட்டுமில்ல, கடைவாய்ப் பல்லு தேயாம காப்பாத்துறதும் இதுதான். கம்பி போட்டு உள்ள இழுத்துடலாம். ஒன்றரை வருஷம் ஆகும்."

"கல்யாணம் அடுத்த மாசம் டாக்டர். எடுத்துடுங்க."

பல் எடுக்கும்போது வெளியே பெஞ்சில் உட்காரவைத்த என்னை முடிந்தபின் உள்ளே கூப்பிட்டார்கள். தட்டில் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். வெளியே தெரிந்த பல் அதில் கொஞ்சம்தான். ரத்தத்தோடு கிடந்த வேர் அதைப்போல இரண்டு பங்கு நீளம். இவ்வளவும் சித்தியின் முகத்துக்குள்ளா இருந்தது? பஞ்சைக் கடித்தபடி அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா அலறினாள். "யாரு சொல்லி இந்தக் காரியம் பண்ணுன?"

"எனக்கே புடிக்கலக்கா" என்றாள் சித்தி. செய்தி சொன்னது நான்தான் என்று சொல்லாததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

கல்யாணத்தன்று மண்டபத்தில் மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினார். உடனே கையை எடுத்துவிட்டார்.

"ஐயையோ, அந்தப் பல்லு எங்க போச்சு? எங்க அம்மாவுக்கு அதே எடத்துல அப்படியே இருந்துச்சு. அதப் பாத்துத்தானே இந்தப் பொண்ணுதான்னு முடிவு பண்ணுனேன்!"

சித்தி கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் தூணுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டேன். கண்ணோடு கண் பார்த்தவள் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"சொத்தையாப் போச்சுங்க அத்தை."

பிறகு என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். அவள் விரல்கள் என் தோளில் அழுந்தின. அடி விழவில்லை, என் பேர் வெளியே வரவில்லை. தப்பித்துவிட்டோம் என்று பந்திக்கு ஓடினேன். அந்த வயதில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.