பன்னிரண்டு காலுறைகள், ஜோடி இல்லை

கடிதத்தில் கேட்டிருந்தீர்களே, ஆமாம், பின்னிவிட்டேன். ஒன்றுதான். சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக.

எல்லையில் பனியில் நிற்கும் ஜவான்களுக்குக் கம்பளிக் காலுறை பின்னித் தருவதென்று எங்கள் செஞ்சி மாதர் சங்கம் முடிவெடுத்து மூன்று வாரம் ஆகிறது. பன்னிரண்டு பேரும் புதிதாகக் கற்றவர்கள். ஒருவர்கூடக் காலுறை போட்டு நடந்ததில்லை.

இன்று போட்டோக்காரர் வந்தார். மேசைமேல் பன்னிரண்டு காலுறைகள், பன்னிரண்டு நிறங்களில். ஆளுக்கு ஒன்று போதும், படத்துக்கு அதுவே நிறைவாக இருக்கும் என்பது சங்கத் தலைவியின் யோசனை.

சிங்கவரத்திலிருந்து குப்பம்மாள் நடந்தே வந்திருந்தார். அவர் மகன் பட்டாளத்தில் இருக்கிறான்.

"இதுல எம்புள்ளைக்கு ஒரு ஜோடி குடுப்பீங்களாம்மா? கால் மரத்துப் போவுதுன்னு எழுதியிருக்கான்."

"இன்னா அவசரம்? இன்னொண்ண அப்புறம் பின்னிக்கலாம். கொஞ்சம் தள்ளி நில்லு, படத்துல விழற," என்றார் தலைவி.

குப்பம்மாள் தள்ளி என் பக்கம் வந்தார். மெதுவாகக் கேட்டார்.

"ஏன் பாப்பா, அவனுக்கு ரெண்டு காலாச்சே?"

எல்லோரும் காமிராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

உங்கள் ஊர்ச் சங்கத்தில் ஜவானுக்கு எத்தனை கால் என்று எழுதுங்கள்.

படம் எடுத்து முடிந்ததும் என் காலுறையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். குப்பம்மாளிடம் மகனின் கால் அளவைக் கேட்டேன். ஒரு சாணும் மூன்று விரலும் என்றார். அளந்து பார்த்தேன். என்னுடையது இரண்டு விரல் குறைந்தது.

வீட்டுக்கு வந்து அதைப் பிரித்துவிட்டு, முதலிலிருந்து கண்ணி போட்டேன்.