ஜுரம் விட்ட அன்று வந்த போன்

என் மனைவிக்கு டெங்கு. ரத்தத்திலுள்ள மரபணுக் குறிகளை வைத்து, யாருக்கு நோய் முற்றும் என்று கணிக்கும் ஆய்வுக்கும் ஈஜிபுரா ஆஸ்பத்திரியில் அவளிடம் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

நான்காம் நாள் ஜுரம் விட்டது. நிம்மதியாக வீட்டிலேயே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் ஆன்லைன் மீட்டிங்கில் உட்கார்ந்தேன். தெரியாத நம்பரிலிருந்து மூன்று முறை போன். கிரெடிட் கார்டு விற்பவர்கள் என்று கட் செய்தேன். நான்காவது முறை, திட்டுவதற்காகவே எடுத்தேன்.

"சார், ஆஸ்பத்திரி லேப்லருந்து பேசறேன். உங்க வொய்ஃபுக்கு சீரியஸ் ஆகலாம்னு ரிசல்ட் காட்டுது."

"ஜுரம்தான் விட்டுடுச்சே மேடம்?"

"விட்டப்புறம்தான் சார் டேஞ்சரே. வயித்துவலி இருக்கான்னு கேளுங்க."

கதவைத் திறந்து கேட்டேன்.

"காலைலருந்தே வலிக்குது. நீங்க மீட்டிங்ல இருந்தீங்களே!"

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டாள்.

இப்போதெல்லாம் எந்த நம்பரானாலும் எடுத்துவிடுகிறேன். மீட்டிங் என்றாலும் கதவைச் சாத்துவதே இல்லை.