உப்பளத்தில் மழை கேட்டவள்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அந்த மே மாதத்தில் எனக்கு இரண்டே ஆசைகள்தான் இருந்தன. ஒன்று, தினமும் தலைக்குக் குளிக்க வேண்டும். மற்றொன்று, சபையில் எல்லோருக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து ஜெபிக்க வேண்டும். முதல் ஆசைக்குக் காரணம் சென்னையில் அந்த வருடம் வந்த தண்ணீர்ப் பஞ்சம். எங்கள் தெருவுக்கு லாரி வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். அம்மா விடிவதற்குள் எழுந்து குடங்களை வரிசையில் வைத்துவிட்டு அவற்றுக்குக் காவல் நிற்பாள். இரண்டாவது ஆசைக்குக் காரணம் வெறும் பொறாமை. எங்கள் சபையில் நன்றாகப் பாடுகிற பெண்களைவிட நன்றாக ஜெபிக்கிற பெண்களுக்குத்தான் மரியாதை அதிகம். எனக்கு இரண்டும் வராது.

சித்தப்பா சபையின் வாலிபர் ஊழியத்துக்குத் தலைவர். மற்ற நேரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அந்த மே மாதக் கடைசியில் எங்களில் பதினோரு பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு மரக்காணத்துப் பக்கம் ஐந்து நாள் ஊழியத்துக்குக் கிளம்பினார். ஒரு கிட்டார், கைப்பொம்மைகள், இரண்டு மூட்டை துண்டுப்பிரதிகள், பிள்ளைகளுக்குக் கொடுக்க மிட்டாய் எல்லாம் எங்களோடு வந்தன. திரும்பி வந்ததும் ஒவ்வொருவரும் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே போகும்போதே என்ன சொல்லலாம் என்று எல்லோரும் யோசித்துக்கொண்டு போனோம்.

உப்பளத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், தகரக் கூரை போட்ட ஜெபவீட்டில் இறங்கினோம். சாலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக வெள்ளை. வெயில் அதில் பட்டு முகத்தில் அடித்தது. புல் கிடையாது, நிழல் கிடையாது. "எவ்வளவு வறண்ட பூமி பாருங்க," என்றார் சித்தப்பா. நாங்கள் உச்சுக்கொட்டினோம். ஊரைப் பற்றி எங்கள் குழு செய்த முதல் ஆராய்ச்சி அதுதான், கடைசி ஆராய்ச்சியும் அதுதான்.

வேலை பிரித்தபோது பாடத் தெரிந்தவர்கள் பாட்டுக்குப் போனார்கள், குரலை மாற்றத் தெரிந்தவர்கள் பொம்மைக்குப் போனார்கள். எதுவும் தெரியாத நான் சமையலுக்குப் போனேன். எங்களுக்குச் சமைத்துப் போட்டவள் ஜெபவீட்டுக்கு எதிர்வீட்டுச் செல்வி அக்கா. விடியற்காலையில் உப்பளத்துக்குப் போய் வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிவிட்டு, வந்து எங்களுக்கு உலை வைப்பாள். காலில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்கும் போவாள், ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுவாள். இதைச் சித்தப்பாவிடம் சொல்லாதே என்று என்னிடம் அவளே சொன்னாள். வெங்காயம் உரிக்கும்போது எனக்குக் கண் எரிந்தால், முந்தானையை நனைத்துத் துடைத்துவிடுவாள். வந்த இரண்டாம் நாளே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அன்றைக்குத்தான் கேட்டாள்.

"பாப்பா, நீங்கல்லாம் நாள் பூரா ஜெபம் பண்றீங்களே. எனக்கு ஒண்ணு கேப்பியா?"

"சொல்லுங்கக்கா."

"சனிக்கிழம லாரி வருது. அதுவரைக்கும் மழ வரக்கூடாது. அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழை வேண்டாம் என்று யாராவது ஜெபிப்பார்களா என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். குத்தகைக்கு எடுத்த பாத்திகளின் வரப்பில் என் உயரத்துக்கு ஓர் அம்பாரம். இரண்டு மாதமாக அவளும் மகள் ரேவதியும் வாரிக் குவித்த உப்பு. கோடை மழை ஒன்று பெய்தால் அம்பாரம் கரையும், பாத்தியில் காய்ந்துகொண்டிருக்கும் தண்ணீரும் கெட்டுப்போகும், மறுபடி உப்பு விளைய இருபது நாளாவது ஆகும் என்றாள். ரேவதி பன்னிரண்டாவது முடித்திருந்தாள். திண்டிவனத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பணம் கட்டிச் சேர வேண்டும்.

"இது லாரி ஏறிடுச்சின்னா இவ காலேஜ் ஏறிடுவா," என்றாள் அக்கா. ரேவதி அதற்கு வெட்கப்பட்டாள். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள், ஆனால் கை எல்லாம் காய்ப்பு.

கட்டாயம் ஜெபிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் ஜெபக் குறிப்பு நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதே பக்கத்தில், இரண்டு வரி மேலே, சென்னைக்கு மழை வேண்டும் என்று ஏற்கனவே எழுதியிருந்தது. எனக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. கடவுளுக்கு மாவட்ட எல்லை தெரியாதா என்ன.

வியாழக்கிழமை மாலை ஜெபவீட்டு வாசலில் கூட்டம். ஊர் ஜனம் ஐம்பது அறுபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி அக்கா முன்வரிசையில். பாட்டு முடிந்தது, பொம்மை முடிந்தது. வழக்கமாக ஜெபிக்கிற அண்ணனுக்கு வெயிலில் தொண்டை கட்டிவிட்டது. சித்தப்பா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார்.

முதலில் தேசத்துக்காக ஜெபித்தேன், நோயாளிகளுக்காக ஜெபித்தேன். நாலைந்து ஆமென் வந்தது. ஆமென் என்பது பொல்லாத பண்டம். ஒன்று கேட்டால் இன்னொன்று வேண்டும் என்று இருக்கும். பக்கத்திலிருந்து சித்தப்பா, "மழைக்காக, மழைக்காக. சத்தமா," என்று கிசுகிசுத்தார். எனக்கு அம்மாவும் குடங்களும் ஞாபகம் வந்தது உண்மை. செல்வி அக்கா எதிரில் இருந்ததும் ஞாபகம் இருந்தது. இரண்டையும் சேர்த்து எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் திணறினேன். பிறகு எது எளிதோ அதைச் சொன்னேன். ஆண்டவரே மழை தாரும் என்றேன். எங்கள் குழுவே எழுந்து ஆமென் என்றது. என் குரல் எனக்கே அழகாகக் கேட்டது. அதோடு விட்டிருக்கலாம். இந்த வறண்ட ஊரையும் நினைத்தருளும், இந்தப் பூமியின் மேலும் உம்முடைய மழையை ஊற்றும், ஊற்றும், ஊற்றும் என்று கத்தினேன்.

எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர்களிடமிருந்து சத்தமில்லை. கண்ணைத் திறந்தேன். செல்வி அக்கா கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, ஆமென் என்றாள். விருந்தாளி ஜெபித்தால் ஆமென் சொல்லாமல் இருப்பது அவளுக்குத் தெரியாத பழக்கம்.

அன்று இரவு வழக்கம்போல எனக்கு இட்லி வைத்தாள். கேட்டதை ரத்து செய்துவிடும்படி படுக்கையில் ஆண்டவரிடம் ஒரு விண்ணப்பம் போட்டேன். ஆனால் அதை மைக்கில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் கடல் பக்கம் கறுத்தது. கால் மணி நேரத்தில் கொட்டத் தொடங்கிவிட்டது. எங்கள் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வாயைத் திறந்துகொண்டு நனைந்தார்கள். ஒருவன் கிட்டாரை எடுத்து வந்தான். சித்தப்பா அழுதேவிட்டார். பாஸ்டருக்கு வீடியோ கால் போட்டு, "ஐயா, பாருங்க ஐயா, நம்ம பொண்ணு நேத்துக் கேட்டா, இன்னைக்கிக் குடுத்துட்டார்," என்று போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். தெருவில் ஆணும் பெண்ணும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உப்பளத்தை நோக்கி ஓடினார்கள். ஊரே சந்தோஷத்தில் ஓடுது என்றான் கிட்டார்க்காரன்.

நான் அவர்கள் பின்னால் ஓடினேன். வரப்பு வழுக்கி இரண்டு தரம் விழுந்தேன். செல்வி அக்காவும் ரேவதியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு தார்ப்பாயோடு போராடிக்கொண்டிருந்தார்கள். காற்று அதைத் தூக்கித் தூக்கி எறிந்தது. அது அம்பாரத்தில் பாதிக்குக்கூடக் காணாது. மூன்றாவது முனையை நான் பிடித்தேன். விழுந்ததில் சிராய்த்த முழங்கையில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. உப்பு கரைவதற்குச் சத்தம் கிடையாது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது என் உயரத்திலிருந்து தோளுக்கு வந்தது, தோளிலிருந்து இடுப்புக்கு வந்தது. மிச்சம் சேறாகி வரப்பில் வழிந்து ஓடியது.

"நீதான கேட்ட," என்றாள் ரேவதி, தார்ப்பாயை விடாமல். "ஊத்து ஊத்துன்னு நீதான கேட்ட."

"சும்மா இருடி. கொழந்த அது," என்றாள் அக்கா.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. மழை நின்றதும் ஜெபவீட்டுக்குத் திரும்பி, ஈரத்துணியோடு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். இரவு சாப்பாட்டுக்கு எழவில்லை, காலைச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். மழையில் ஆடிய சந்தோஷக் காய்ச்சல் என்று சித்தப்பா தலையைத் தடவினார்.

சனிக்கிழமை லாரி வரவில்லை. எங்கள் வேன் சரியான நேரத்துக்கு வந்தது. பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது செல்வி அக்கா ரேவதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று வேனுக்குப் பின்னால் ஒளிந்தேன். அங்கேயும் வந்துவிட்டாள்.

"பாப்பா, நீ கேட்டா அவரு குடுக்குறாரு. நான்தான் பாத்தேனே," என்றாள். அதில் கேலி இல்லை. "இவளுக்கு ஒரு நல்ல வழி காட்டச் சொல்லி ஜெபம் பண்ணிட்டுப் போ."

ரேவதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கையை எடுத்து அக்காவே அவள் தலைமேல் வைத்தாள். நான் கண்ணை மூடினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்டது கிடைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. கேட்கக் கேட்க எதையாவது இன்னும் கரைத்துவிடுவேன் என்று தோன்றியது. அப்புறம் அழுதேன், நன்றாக, சத்தம்போட்டு. டிரைவர் ஹார்ன் அடித்தார். அழுது முடிந்ததும் அக்கா ஆமென் சொல்லி, முந்தானையால் என் மூக்கைத் துடைத்து, ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்த கஞ்சியை நான் குடித்து முடிக்கும் வரைக்கும் வேனைப் போகவிடாமல் நின்றாள்.

ஊர் வந்து சேர்ந்தால் சென்னையில் ஒரு பொட்டு மழை இல்லை. குடங்கள் வரிசையில் அப்படியே இருந்தன. அதனால் சாட்சிக்கு ஒரு குறையும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபை எழுந்து நின்று கைதட்டியது. மரக்காணத்தில் கற்ற ஐந்து விசுவாசப் பாடங்கள் என்று சபையின் மாதப் பத்திரிகைக்கு என்னை எழுதச் சொன்னார்கள். மூன்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற இரண்டைச் சித்தப்பாவே எழுதி என் பெயரைப் போட்டார். அதற்குப் பிறகு பல வருடம் நான் எதையும் கேட்டு ஜெபிக்கவில்லை. நன்றி மட்டும் சொல்வேன். அதில் யாருக்கும் ஆபத்தில்லை.

என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பாண்டிச்சேரிக்குப் போனபோது, ஒரு கடையில் புடவைகளை விரித்துப் போட்ட பெண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மழை கேட்ட பொண்ணுதான நீ என்றாள். ரேவதி. ஏழு வருடமாக அதே கடையில் வேலை. முகம் வட்டமாகியிருந்தது, கோபம் ஒன்றும் இல்லை. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மன்னிப்பை நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று அந்த நிமிடமே முடிவுசெய்திருந்தேன்.

"அம்மா போன வருஷம் தவறிடுச்சி," என்றாள். மடித்த புடவையை இன்னொரு தரம் மடித்தாள். "உன்னப் பத்திச் சொல்லும். வேனாண்ட என்னை இழுத்துக்கினு வந்திச்சே, ஞாபகம் இருக்குதா? அன்னைக்கிக் காலையிலயே இந்தக் கடைக்கு என்னைப் பேசி முடிச்சாச்சி. பையெல்லாம் கட்டியாச்சி. அப்புறம் எதுக்கும்மா போயி வழி காட்டச் சொல்லிக் கேக்கறன்னு நான் சண்ட போட்டேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"நீ வாடி, அது நேத்துலருந்து சாப்பிடலன்னுச்சி."

எந்தப் புடவை எடுத்தேன் என்று இப்போது நினைவில்லை. வேன் ஓரத்தில் நின்ற அந்த நேரத்தில் நான் ஒரு தரம் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறேன். செல்வி அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மகளுக்காகத்தான் என்று நினைத்து நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். எனக்காகவும் ஒருத்தி ஜெபிக்கக்கூடும் என்று, அதுவும் அந்த ஊரில், எனக்கு அப்போது தோன்றவே இல்லை.