எஜிதியோவின் விசில்

எஜிதியோ வாயில் இரண்டு விரலை வைத்தால் பாடகர்களுக்குப் பாட்டே மறந்துபோகும். இத்தாலியில் எங்கள் பார்மா ஊரின் ஓபரா அரங்கத்தில் விசில் அடிப்பது பாராட்டு இல்லை. ‘போதும், இறங்கு’ என்று அர்த்தம். மலிவு டிக்கெட் வாங்கிக்கொண்டு உச்சி மாடத்தில் உட்காரும் கும்பலுக்குத்தான் இந்த நாட்டாமை. எஜிதியோ தொடங்காமல் அங்கே ஒருவரும் விசில் அடிக்க மாட்டார்கள். அவன் தொடங்கிவிட்டாலோ கூரை பிய்ந்துவிடும். பெரிய பெரிய ஆட்கள் அழுதுகொண்டே ரயில் ஏறியிருக்கிறார்கள்.

பகலில் அவனுக்கு அதே அரங்கத்தில்தான் வேலை. ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொன்பூச்சையும் தொங்குவிளக்கையும் காட்டுவான். நான் வாசலில் டிக்கெட் கொடுக்கிறவள். அவனோடு சண்டை போடாத நாளில் எனக்குக் காப்பி ருசிக்காது.

அவனுடைய ஒரே மகள் நிவெஸ். கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஞாயிறு மதியக் காட்சியில் முதல் தடவையாகத் தனிப் பாட்டு கிடைத்தது. வேலைக்காரி வேஷம், சின்னப் பாட்டுதான். ஆனால் இங்கே ஒருமுறை விசில் வாங்கியவளை வேறெந்த ஊரிலும் கூப்பிட மாட்டார்கள். அப்பன் பெயர் அவளைக் காப்பாற்றாது. அவன் மகள் என்பதாலேயே எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு வருவார்கள்.

அன்று காலை சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் ஓர் அம்மாள் கத்தரிப்பூ நிறத்தில் பெரிய சால்வை போர்த்தியிருந்தாள். அந்த நிறம் எங்கள் அரங்கத்துக்குள் ஆகாது. பூச்செண்டு அந்த நிறத்தில் வந்தால்கூடப் பாடகர்கள் தொட மாட்டார்கள். எஜிதியோ இதையெல்லாம் கேலி பேசுகிறவன். அன்றைக்கு அவனே வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

“சிஞோரா, அந்தச் சால்வையக் கழட்டிக் குடுத்துடுங்க.”

“ஏன், உள்ள குளிராதா?”

“குளிருங்க. இந்தாங்க, என் கோட்டப் போட்டுக்குங்க.”

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டாள். இவன் சால்வையைச் செத்த எலியைப் போல நுனியில் பிடித்துக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

“தில்தே, இத ஒளிச்சு வை. நிவெஸ் கண்ணுல படக் கூடாது.”

“நேத்து வரைக்கும் இதெல்லாம் வேலையத்தவங்க பயம்னு சிரிச்சது யாரு?”

“நேத்து என் பொண்ணு தனியாப் பாடலையே.”

எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. சால்வையின் மறுபக்கம் சாம்பல் நிறம். அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மடித்து என் நாற்காலியில் போட்டேன். போதாத காலம், அந்த அம்மாள் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சால்வையை மறந்து போய்விட்டாள். மதியம் டிக்கெட் ஜன்னலில் கூட்டம் நெருக்கியது. திரும்பிப் பார்க்கிறேன், நாற்காலி காலி.

“நிவெஸ் தொண்டை கட்டியிருக்குன்னு எடுத்துச் சுத்திக்கிட்டுப் போனா” என்றான் வாசல்காரன்.

எஜிதியோவிடம் சொன்னதும் அவன் மேடைப் பக்கம் ஓடப் பார்த்தான். அதற்குள் திரை தூக்கிவிட்டார்கள். டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு நானும் அவனோடு உச்சி மாடத்துக்கு ஏறினேன்.

நிவெஸ் வந்தாள். நன்றாகத்தான் பாடினாள். நடுவில் ஒரே ஒரு இடத்தில் குரல் லேசாக நடுங்கியது. எஜிதியோ பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் விரலை வாயில் வைத்து நகத்தைக் கடித்தான். மாடம் முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த பேக்கரிக்காரன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு தன் விரல்களையும் தூக்கினான்.

நான் எஜிதியோவின் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

“கைய எடுடா பாவி! உன்னத்தான் எல்லாரும் பாக்குறாங்க!”

அவன் சுற்றிலும் பார்த்தான். அப்புறம் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். பேக்கரிக்காரன் குழம்பிப்போய் விரலை இறக்கினான். பாட்டு முடிந்தது. கீழே கைதட்டல் எழுந்தது, பிறகு மாடமும் தட்டியது. எஜிதியோ மட்டும் தட்டவில்லை. கை மரத்துப்போய், கண்ணீரைத் துடைக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

“பொண்ணு நல்லாத்தானேய்யா பாடினா, எதுக்கு அழுவுற?” என்றான் பேக்கரிக்காரன்.

காட்சி முடிந்ததும் நிவெஸ் சால்வையோடு வந்தாள். “யாரோடது அத்தை இது? இது இல்லன்னா என் தொண்டை இன்னிக்கு அவ்வளவுதான்.” உள்பக்க நிறத்தை அவள் அதற்குப் பிறகுதான் பார்த்தாள். அலறிவிட்டு, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எஜிதியோ இன்னமும் மாடத்துக்கு வருகிறான். விசில் மட்டும் வருவதில்லை. கேட்டால், “பல்லு கட்டியிருக்கேன், காத்து போயிடுது” என்பான். அதே பல்லால் காய்ந்த ரொட்டியை அவன் கடித்துத் தின்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

போன மாதம் எங்கிருந்தோ வந்த புதுப் பெண் ஒருத்தி பாட்டின் உச்சியில் தடுமாறினாள். மாடம் பழக்கத்தில் அவன் பக்கம் திரும்பியது. அவன் கைகள் தொடைக்கடியில் இருந்தன. என் காதருகே குனிந்து கேட்டான்:

“தில்தே, இவ அப்பன் எங்க உக்காந்திருப்பான்?”