தாசேக் கெலுகோரில் குடியிருக்கும் தேவகி அக்கா

பினாங்கு போனால் எங்கே என்ன சாப்பிடலாம் என்று கேட்டு இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம். இந்த முறை சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும், அதுவும் கடைசியில்.

போன மார்ச் மாதம் மூன்று நாள் விடுப்பு எடுத்து ஈப்போவிலிருந்து நான் போனது, பெரியம்மா மகள் தேவகி அக்காவுக்காக. அக்காவுக்கு வயது அறுபத்து மூன்று. பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். துணை இல்லாத மூத்தவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்கு, எங்கள் பேச்சில் பந்துவானுக்கு, மூன்று வருடமாக மனுப் போடுகிறார். மூன்று முறையும் தகுதி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஹோட்டல் சலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் நின்று நின்று முட்டி தேய்ந்து, வேலையும் போய்விட்ட மனுஷிக்குத் தகுதி இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது? எனக்குக் கோபம்தான் வந்தது.

அக்காவின் கணவர் மணியம் அத்தான் எங்கே என்று கேட்பீர்கள். பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கரையில் வேலை தேடுகிறேன் என்று ஃபெரி ஏறியவர் திரும்பவில்லை. பிள்ளைகள் கிடையாது. அவரை நான் கல்யாணத்தில் மாலையோடு பார்த்ததோடு சரி. அக்கா அவரைப் பற்றிப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார்.

ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இரண்டு மணி நேர ரயில், முப்பத்தேழு வெள்ளி, அதாவது ரிங்கிட். அங்கிருந்து ஃபெரி இரண்டு வெள்ளி, படகு நகர்ந்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம். துறைமுகத்திலிருந்து ஜெலுத்தோங்குக்கு ஐந்து கிலோமீட்டர், பேருந்தில் ஒரு வெள்ளி நாற்பது காசு. சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி தரமாட்டார்கள். பத்தரை மணிக்கு நான் அக்கா வீட்டில் ரசம் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாடியிலேயே பந்துவான் வாங்க வேண்டிய பலர் வாங்காமல் இருப்பதாக அக்கா சொன்னார். ஒருவருக்கு இணையம் என்றால் பயம், ஒருவருக்கு மலாய் விண்ணப்பப் பாரம் புரியவில்லை, இன்னொருவருக்குக் கை நீட்ட வெட்கம். நம்ம ஆட்களுக்கு வரிசையில் நிற்பதற்கு மட்டும் வெட்கம் கிடையாது, கோயில் அன்னதானமாக இருந்தால்.

இரண்டு மணிக்கு ஜார்ஜ் டவுனில் பந்துவான் அலுவலகத்துக்குப் போனோம். எண் எடுத்து நாற்பது நிமிடம் காத்திருந்தோம். ஊதா முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் அக்காவின் அடையாள அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு மரியாதையாக, உங்கள் முகவரி இதுதானே என்று ஒரு முகவரியை வாசித்தார். வீட்டு எண், சந்து, தாமான் என்கிற குடியிருப்பின் பெயர் எல்லாம் சொல்லி, தாசேக் கெலுகோர் என்று முடித்தார்.

இல்லை, ஜெலுத்தோங் என்றேன் நான். அவர் மறுபடி சரிபார்த்தார். மணியம் என்பவர் போட்ட குடும்ப விண்ணப்பத்தில் மனைவி என்ற இடத்தில் அக்கா இருந்தார். அட்டை எண் சரி, பிறந்த நாள் சரி. வருடா வருடம் தவறாமல் புதுப்பித்திருக்கிறார்கள். புவான், அதாவது இந்த அம்மா, ஏற்கெனவே ஒரு வீட்டில் இருக்கிறார், அதனால்தான் தனியாள் என்று கேட்ட மனு நிற்கவில்லை என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். கணவர் வந்து பெயரை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பிரிந்து வாழ்வதாக அக்கா சத்தியப்பிரமாணம் எழுதித் தர வேண்டும். குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கை ரோமம் நின்றது அதனால் அல்ல.

அத்தான் உயிரோடு இருக்கிறார் என்பதே அக்காவுக்கு அப்போதுதான் தெரியும். அழுவார் என்று நினைத்தேன். நடைபாதைக்கு வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். நாளைக்கே சத்தியப்பிரமாணம் எழுதிவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன்.

"எழுதலாம் லா. மொதல்ல போயி பாத்துட்டு வருவோம்," என்றார். "நான் குடியிருக்கிற வீட்ட நான் பாக்க வேணாமா?"

மறுநாள் காலை ஃபெரியில் பட்டர்வொர்த் போய், பத்து இருபத்தைந்துக்குப் பாடாங் பெசார் போகும் கொம்யூட்டர் ரயிலில் ஏறினோம். தாசேக் கெலுகோருக்குக் கட்டணம் நான்கு வெள்ளிக்குள். மூத்தவர்களுக்குப் பாதிதான், அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். புக்கிட் தெங்கா தாண்டினால் தொழிற்சாலைக் கூரைகள், புக்கிட் மெர்த்தாஜாம் தாண்டினால் செம்பனை. அரை மணி நேரப் பயணம். அக்கா வழியெல்லாம் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே வந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

நிலையத்துக்கு வெளியே ஒரே ஒரு வாடகைக்கார்தான் நின்றது. ஓட்டுநர் அண்ணனிடம் முகவரியைக் காட்டினேன். ஆறு கிலோமீட்டர், பன்னிரண்டு வெள்ளி என்றார். அந்த வீட்டுக்கு அரிசி மூட்டையும் மனிதரையும் பலமுறை ஏற்றிப் போயிருக்கிறாராம்.

"மணியண்ணன் இப்ப இருக்க மாட்டாரே. புக்கிட் தெங்கா பாக்டரில ஜாகா வேல, காவலுக்கு நிக்கிறாரு. சம்சாரம் மட்டும் தான் இருப்பாங்க."

பின்சீட்டில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சம்சாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பார்த்ததில்லை, உடம்பு முடியாதவர், வெளியே வருவதில்லை என்றார் ஓட்டுநர். அதற்குப் பிறகு சாலை ரப்பர் மரங்களுக்குள் போனது.

பதினொன்றரை மணி வெயில். இருபது வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசை, அதன் பின்னால் செம்பனைத் தோட்டம். அங்கே பகலிலும் மரத்தடி இருட்டாகவே இருந்தது. சந்தில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை, நாய் கூடக் குரைக்கவில்லை. வரிசையின் கடைசி வீடுதான். கேட்டில் சங்கிலிப் பூட்டு. வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி, அதன் பக்கத்தில் பெண் செருப்பு ஒரு ஜோடி, சின்ன அளவு. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று அக்காவின் கையைப் பிடித்தேன். அக்கா என் கையை விலக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

அது வானொலி என்று சொன்னது பக்கத்து வீட்டு மேரி அக்கா. ஐம்பது வயதிருக்கும், கதவுக்கு மேல் குருத்தோலைச் சிலுவை செருகியிருந்தது. நாங்கள் யாரென்று கேட்டார். தேவகிக்குச் சொந்தம் என்றேன். பொய்யில்லை. வெயிலில் நிற்க வேண்டாம் என்று தன் வாசலுக்குள் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, கேட்காமலே எல்லாம் சொன்னார். தேவகிக்குத் துணையாக இருக்கட்டும் என்று அண்ணன் வானொலியைப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்தால் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் குரல் நன்றாகக் கேட்கும்.

அந்த அம்மாவின் குரல் கேட்டதுண்டா என்றேன்.

"மெதுவா பேசுவாங்க. கேட்ட மாதிரி தான் இருக்கும்," என்றார் மேரி அக்கா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னாடியாச்சும் பரவால்ல. மூணு வருஷமா முட்டி போச்சாம், பாவம். எந்திரிக்கவே முடியலயாம்."

நான் அக்காவின் முட்டியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அக்காவின் முட்டி போனது மூன்று வருடத்துக்கு முன்புதான். எங்கள் குடும்பத்தில் யாரும் அத்தானோடு பேசுவதில்லை. யார் சொல்லியிருப்பார்கள்? இதுவரை எனக்குத் தெரியாது. ஜெலுத்தோங்குக்கு வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பாரோ என்று நினைத்துப் பார்க்கிறேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லி அது பொருந்திவிட்டது என்றால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

அதுவரை வாயே திறக்காத தேவகி அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தம்மாவ நல்லா வச்சிருக்காரா?"

"ரொம்ப நல்லா வச்சிருக்காரு க்கா. சமையல் அவரு தான், துணி தொவைக்கிறது அவரு தான். ஒரு அதட்டுச் சத்தம் கேட்டதில்ல. இந்தக் காலத்துல யாரு அப்படிப் பாக்குறா?"

அக்காவின் முகம் கோணியது. அத்தானோடு வாழ்ந்த பத்தொன்பது வருடத்தில் அவர் கை அக்காமேல் எத்தனை முறை விழுந்தது என்று பெரியம்மா என் அம்மாவிடம் சொல்லி அழுததை நான் சின்ன வயதில் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டிருக்கிறேன்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு வேலி. வேலியை ஒட்டி அந்த வீட்டுக் கொடியில் ஆண் சட்டைகளோடு பெண் துணிகளும் காய்ந்தன. அக்கா நொண்டிக்கொண்டே வேலியோரம் போய் ஒரு நீலக் கைலியைத் தொட்டார். அதன் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி வைத்த பிறைபோன்ற கருகல் இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முன் அத்தான் கிளம்பிப்போன அதே வாரத்தில் அக்காவின் அந்தக் கைலியும் காணாமல் போனதாம். மாடியிலிருந்து காற்றில் விழுந்திருக்கும் என்று கீழே தேடினாராம். இப்போது அது ஈரமாக இருந்தது. அன்று காலையில்தான் துவைத்திருக்கிறார்.

அக்கா துணிக் கவ்விகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடியிலேயே மாட்டிவிட்டு, கைலியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அது அவர்களுடையதாயிற்றே என்று மேரி அக்கா பதறினார்.

"சாயங்காலம் அவரு வந்து கேட்டா, தேவகி வந்து தேவகிய கூட்டிட்டுப் போயிட்டான்னு சொல்லுங்க."

மேரி அக்கா முதலில் அக்காவின் கால்களைப் பார்த்தார். கால்கள் தரையில் இருந்தன. பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். கிளம்பும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று என் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பும் ரயில் புக்கிட் தெங்காவில் நின்றபோது, எதிர்ப் பிளாட்பாரத்தில் நான்கைந்து பேர் வேலை முடிந்து நின்றார்கள். அதில் ஒருவர் ஜாகா சட்டை போட்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலை சத்தியப்பிரமாணம் எழுதி அதற்குரிய அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினோம். அத்தான்மேல் புகார் கொடுக்கலாம் என்றேன். வேண்டாம், என் பெயரை மட்டும் அங்கிருந்து எடுத்தால் போதும் என்று அக்கா முடித்துவிட்டார். பந்துவான் அலுவலகத்தில் அதே ஊதா முக்காட்டுப் பெண் இருந்தார், நல்லவேளை. முகவரி என்னவென்று அவர் கேட்டபோது அக்கா மாடி எண், வீட்டு எண் எல்லாம் சேர்த்து, ஜெலுத்தோங் என்று சத்தமாகச் சொன்னார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: கல்யாணப் பத்திரத்தின் மூலமும் இரண்டு நகலும், தண்ணீர் அல்லது மின்சார பில், வங்கிப் புத்தகம் எடுத்துப் போங்கள். மதிய இடைவேளைக்கு முன் எண் எடுங்கள். வீட்டில் வயதானவர்களின் மனு காரணம் சொல்லாமல் திரும்பினால் விதியே என்று விட்டுவிடாதீர்கள். நேரில் போய், எந்த முகவரியில் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருவேளை அவர்கள் வேறெங்கோ குடியிருக்கலாம்.

அக்காவின் மனு ஐந்தாவது வாரம் நிறைவேறியது. துணை இல்லை என்று தெளிவாகப் போட்டிருந்தது. செய்தி சொல்ல அக்கா அழைத்தபோது, அதுவரை மறைத்து வைத்திருந்ததை நானும் சொன்னேன். அதற்கு முன்பே மேரி அக்கா என்னை அழைத்திருந்தார். தேவகி ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதாக அண்ணன் சொன்னாராம். பதினாறாம் நாள் காரியம் செய்து, வாசலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாராம். அந்தச் செருப்பையும் துணிகளையும் எரித்துவிட்டாராம். இப்போது வானொலிச் சத்தம் கேட்பதில்லையாம்.

படையலில் என்ன வைத்தாராம் என்று அக்கா கேட்டார். மேரி அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். நெத்திலி சம்பால், புளிக்குழம்பு, ஒரு கிளாஸ் ஓவல்டின்.

"தெரிஞ்சிருக்கு பாரு அந்த மனுஷனுக்கு," என்றார் அக்கா. "ஒரு நாள் வாங்கிக் கொடுத்ததில்ல."

சாப்பாட்டைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி என்று சொல்லியிருந்தேன். தேவகி அக்காவுக்குப் பிடித்தது நெத்திலி சம்பால் என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.