ஃபைலுக்கு ஒரு கால்

கிளட்சுக்கு வேறு பெயர் உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது வழங்குவதில்லை. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். கண்ணிவெடி பறித்தது, கிளட்ச் மிதிக்கிற இடது காலை. கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? கட்டுப் பிரிக்கும் முன்பே பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

இப்போது மரக்கால். கிளட்சைக் கையால் இழுக்கும்படி மாற்றிய பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறார். வாரம் மூன்று நாள், தன் பட்டாளத்துச் சமையல்காரரை அதில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறார். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். இத்தனைக்கும் சமையல்காரர் வீட்டுக்கு எதிரிலேயே படைவீரர் மருத்துவமனைக்கு அடிக்கல் நட்டு ஆறு வருஷம் ஆகிறது. கல் மட்டும் நிற்கிறது. முதல் ஒப்பந்தப்புள்ளிக்கு ஒரே ஒருவர்தான் வந்தார், ரத்து. அடுத்த அறிவிப்பில் ‘நல மருத்துவமனை’ என்பது ‘நில மருத்துவமனை’ என்று அச்சாகிவிட்டது, அதுவும் ரத்து. ஒரு கொக்கியால் பதினோரு மாதம் அம்போ. மூன்றாவதில் ஆள் தேர்வாகி, ஒரு கையெழுத்துக்காக ஃபைல் ஐந்து மாதமாகக் கிடக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேனில் ஏறியதுமே சமையல்காரர் சொன்னார்: “போதும்டா கிளட்சு. இன்னையோட சரி, இனிமே வரல. இந்த ரோடே என்னைக் கொன்னுடும். வீட்லயே கிடந்து போயிடறேன்.”

கிளட்ச் வேனை நேராகக் கட்டுமானத் துறை அலுவலக வாசலில் நிறுத்தினார்.

“பத்து நிமிஷம் உட்காருங்கண்ணே.”

உள்ளே அதிகாரி தலை நிமிராமல் பழைய பாட்டையே பாடினார். “பரிசீலனையில இருக்குங்க.”

“அந்த ஃபைலைக் கொஞ்சம் காட்டுங்க சார். ஆறு வருஷமா பேரைத்தான் கேக்கறேன், முகத்தைப் பார்த்ததில்ல.”

தொல்லை விட்டால் போதுமென்று அதிகாரி எடுத்துப் போட்டார். கிளட்ச் நாற்காலியில் உட்கார்ந்து, பேன்ட்டைச் சுருட்டி, வாரை அவிழ்த்தார். மரக்கால் பூட்ஸோடு ஃபைல் மேல் ஏறியது.

“என்னங்க இது!”

“ஆறு வருஷமா நகரலையே, இதுக்குக் கால் இல்ல போலிருக்கு. என்னோடத வச்சுக்கட்டும். கையெழுத்தாகி வெளிய வரட்டும், வாங்கிக்கறேன்.”

“எடுங்க! இல்லேன்னா தூக்கி வெளிய போடச் சொல்லுவேன்.”

“போடுங்க சார். நெஜக் காலையே போட்டவன் நான்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தாவித் தாவி வெளியே வந்தார். வலியில் உயிர் போனது. ஆனாலும் அப்படியொரு சந்தோஷம் வந்து வெகுநாளாகியிருந்தது.

சமையல்காரர் தொளதொளவென்று தொங்கிய பேன்ட்டைப் பார்த்தார். “டேய், கால் எங்கடா?”

கிளட்ச் சொன்னார். சமையல்காரர் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். கிளட்ச் கைப்பிடியை இழுத்து, வண்டியை நாலு மணி நேர ரோட்டில் திருப்பினார்.

வெகுதூரம் போனபின் சமையல்காரர் சொன்னார்.

“வியாழக்கிழமை என்னையும் உள்ள கூட்டிட்டுப் போ. கழட்டி வைக்க என்கிட்ட பல்செட்டு இருக்கு.”