டுரியான் தோப்பில் எடுத்த ஒரே படம்

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்குப் பாசாரில் மீன் வாங்கும்போது வந்தது. மீன்காரர் தராசைப் பிடித்தபடியே சொன்னார்: “படக்கார அண்ணன் நேத்து தவறிட்டாராம் அக்கா. உங்களுக்குத்தான் முதல்ல தெரியும்னு நெனச்சேன்லா.” மீனை அங்கேயே வைத்துவிட்டு டத்தோ கிராமாட்டில் இருக்கும் வீடு வரை நடந்தே வந்தேன். பாதி வழியில்தான் கவனித்தேன், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறேன். நான்கு பிள்ளை பெற்ற பிறகும் என்னைக் கண்டால் “கழுத்து, தங்கச்சி, கழுத்து” என்று சொன்ன மனிதர் அவர்.

இதைப் படிக்கும் பலரின் கழுத்தையும் அவர் ஒருமுறையாவது திருப்பியிருப்பார். சிரிக்கச் சொல்லாத படக்காரர் பினாங்கு ஜார்ஜ் டவுனில் அவர் ஒருவர்தான். “சிரிக்க வேணாம். யாரையாவது நெனச்சுக்குங்க, போதும்” என்பார். முன்கோபி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபடி அவர் திட்டுவது தெருவரை கேட்கும். ஆனால் அந்தத் திட்டு யார் மனத்திலும் தங்கியதில்லை. என் நன்றிக்குக் காரணம் ஒரே ஒரு படம். அதை எடுத்த கதையை அவர் எங்கும் சொன்னதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

அது ஜப்பான்காரன் காலம். என்னைப் பெண் கேட்டு வந்த இராசநாயகம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அலுவலகத்தில் கிளார்க். நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். அவருடைய தாயார் இலங்கையிலேயே, சாவகச்சேரியில் இருந்தார். சண்டை தொடங்குவதற்கு முன்பே, ‘வேறு ஆட்களோடு சம்பந்தம் வேண்டாம்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். பிறகு தபாலும் இல்லை, கப்பலும் இல்லை. வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்க என் அப்பாவுக்குப் பயம். சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடிப்பார்களே என்று மாப்பிள்ளைக்குப் பயம். கலியாணம் தள்ளிப்போட முடியாத காரியம் ஆகிவிட்டது. ஆனால் சண்டை முடிந்தபின் அந்தத் தாய் என்னை மருமகள் என்று ஏற்க வேண்டுமே. அவசரத்தில் சேர்ந்துகொண்டவர்கள் என்று ஊர் ஒரு சொல் சொல்லிவிட்டால் அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். முறையாக நடந்த கலியாணம் என்று காட்ட எங்களுக்கு ஒரு படம் வேண்டியிருந்தது.

சவரிமுத்து அண்ணனிடம் படம் பிடிக்கும் கண்ணாடித் தட்டு ஒரே ஒன்று மிச்சமிருந்தது. ஜப்பான்காரனின் அனுமதிப் பாஸுக்குப் படம் எடுக்க வந்த பெரிய மனிதர்களுக்குக்கூட இல்லை என்று சொல்லி ஒளித்து வைத்திருந்தாராம். அப்பா போய்க் கேட்டதும், “இடத்தை நான் பார்த்துச் சொல்றேன். நீங்களா முடிவு பண்ணாதீங்க” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பட்டணத்தில் கூட்டம் கூடினாலே ஜப்பான்காரன் லாரி வந்து நிற்கும் காலம். ஆகவே கடல் தாண்டி அக்கரையில், கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் நாங்கள் மரவள்ளி நட்டுப் பிழைத்திருந்த இடத்திலேயே கலியாணம் என்று முடிவானது. அண்ணன் சைக்கிளில் வந்து சுற்றிப் பார்த்தார். வாய்க்கால் கரை அழகாக இருக்கிறது என்று அப்பா காட்டினார். “பின்னால பாலம் தெரியுது. நாளைக்கு எவனாவது இந்தப் படத்தைப் பார்த்தா, உளவுக்குப் பாலத்தை எடுத்தேன்னு என்னைத் தூக்கிட்டுப் போவான்.” இன்னோர் இடத்தில் தந்திக் கம்பம் தெரிந்தது, அதுவும் ஆகாது என்றார். “முன்னால யார் நிக்கிறாங்கன்னு அப்புறம் பார்த்துக்கலாம். பின்னால என்ன இருக்கு, அதுதான் முதல்ல” என்பது அவர் பாடம். கடைசியில் நடவுக்கு முன் காய்ந்து கிடந்த ஒரு வயலைக் காட்டினார். பின்னால் வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. கட்டாந்தரையில் கலியாணமா என்று என் அத்தை மூக்கைச் சிந்தினாள். எனக்கும் உள்ளுக்குள் அழுகைதான்.

முகூர்த்த நாள் காலையில் படப்பெட்டியைக் கிழங்குச் சாக்குக்குள் மறைத்துக்கொண்டு அண்ணன் வந்து சேர்ந்தார். வந்தவர் வயலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்தாருக்கு மணவறைக்கு மேலே வெள்ளை கட்டுவது பெரிய முறை. துணி கிடைக்காத நாளில் நாலு வீட்டு வேட்டிகளை மூட்டி, மாப்பிள்ளை வீட்டார் வயல் நடுவே மூங்கில் நட்டு, வெள்ளையை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

“யார் கட்டினது இது? அவுருங்க.”

“அண்ணை, அது இல்லாமல் சரிவராது” என்றார் இராசநாயகம். “படத்திலை அம்மா முதல் பாக்கிறது வெள்ளையைத்தான். அது இல்லையெண்டா இது கலியாணமே இல்லை எண்டுவா.”

“உங்கம்மா பார்க்கிறதுக்கு முன்னாடி மேல பறக்கிறவன் பார்ப்பான், தம்பி. வெட்ட வெளியில இவ்வளவு பெரிய வெள்ளைத் துணி. எதிரி பிளேனுக்கு அடையாளம் காட்டுறீங்கன்னு ஜப்பான்காரன் நெனப்பான். இங்கே ஏதோ இருக்குன்னு பிளேன்காரன் நெனப்பான். யார் நெனச்சாலும் அடி நமக்குத்தான்.”

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. சடங்கில் குறை வரக்கூடாது என்ற ஒரே கவலையில் இருந்தோம். மூங்கிலைப் பிடுங்கினார்கள். முகூர்த்தமோ நெருங்குகிறது. வெள்ளை இல்லாமல் தாலி கட்டமாட்டேன் என்று மாப்பிள்ளை நிற்கிறார். நான் நகைகளோடு வரப்பில் உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நிலத்து மலாய்க்காரர் பாக் மாட் இதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் டுரியான் தோப்பைக் கையால் காட்டினார். அண்ணன் உள்ளே போய் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினார். “மேலேருந்து ஒண்ணும் தெரியாது. பின்னால வெறும் மரம். வெளிச்சம்தான் கம்மி, நான் சமாளிக்கிறேன்.” நாலு மரத்துக்கு நடுவே வெள்ளை கட்டியாயிற்று. பாக் மாட் மட்டும் மேலே பார்த்துவிட்டு, “ஜாகா கெப்பாலா” என்றார். தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். டுரியான் பழம் உதிரும் காலம் அது. அவசரத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தாலி ஏறியது. அண்ணன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். வெளிச்சம் குறைவு, கேமரா மூடியைக் கழற்றினால் கொஞ்ச நேரம் ஆடாமல் நிற்க வேண்டும், மூச்சுகூட மெதுவாக விடவேண்டும் என்று மிரட்டி வைத்தார். மூடியைக் கழற்றப் போன அந்த நொடி, தொம்மென்று ஒரு சத்தம். முள்ளு முள்ளாய்ப் பெரிய டுரியான் பழம் ஒன்று நேராக வெள்ளையின் மேல் வந்து விழுந்து, எங்கள் தலைக்கு மேலே தொட்டிலில் பிள்ளை கிடப்பதுபோல் தொங்கியது. வேட்டித் தையல் நறநறவென்றது. ஐயர், அப்பா, அத்தை, எல்லோரும் அண்ணாந்தபடி அப்படியே உறைந்து நின்றார்கள். அண்ணன் என்ன நினைத்தாரோ, மூடியைக் கழற்றிவிட்டார்.

தையல் தாங்கியது. அன்றைய விருந்தில் மரவள்ளிக் கிழங்குக்குத் துணையாக அந்த டுரியானையும் உடைத்துத் தின்றோம்.

படத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. குத்துவிளக்கு இருக்கிறது, கூறைச் சேலை இருக்கிறது, வெள்ளையின் ஓரமும் தெரிகிறது. ஆனால் டுரியான் தெரியவில்லை. கலியாண வீட்டார் அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். இதை எப்படி அண்ணே அவங்கம்மாகிட்ட காட்டுறது என்று அழுதேன். “அழுவாத தங்கச்சி. இத்தனை வருஷத்துல என் முன்னால யாரும் இவ்வளவு ஆடாம நின்னதில்ல” என்றார். அப்போது அவரை அடிக்கவேண்டும் போல் இருந்தது.

சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் சாவகச்சேரிக்குப் போனோம். மாமியார் என்னை வா என்று சொல்லவில்லை. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாரும் ஆகாயத்தைப் பாக்கினம். குண்டு போட வந்தவங்களோ?” என்றார்.

என் கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் மாமியாரின் விரல் படத்தில் மாப்பிள்ளை இருந்த இடத்தில் போய் நின்றுவிட்டது.

“உவன் மட்டும் மேலை பாக்கேல்லை. தன்ரை கையை அவளின்ரை தலைக்கு மேலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்.” படத்தை மடியில் வைத்துக்கொண்டார். “இனி நான் சொல்ல என்ன கிடக்கு. இஞ்சை வா பிள்ளை, வந்து இரு.”

அதுவரை அந்தக் கையை நான் பார்க்கவேயில்லை. அண்ணாந்து நின்றவர்களை எண்ணி எண்ணி அழுததில், என் தலைக்கு மேலேயே விரிந்திருந்த கை என் கண்ணில் படவில்லை.

பினாங்கு திரும்பியதும் நேராக ஸ்டூடியோவுக்குப் போய்ச் சொன்னேன். டுரியான் என்று அவர்களிடம் சொல்லவேயில்லையே அண்ணே என்றேன். “படம் எடுக்கிறது என் வேலை. பார்க்கிறது அவங்க வேலை. அவங்க சரியாத்தான் பார்த்திருக்காங்க” என்றார் சவரிமுத்து அண்ணன். அந்தக் கையைப் பார்த்துத்தான் மூடியைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். அவர் அடுத்து உட்கார்ந்திருந்த ஆளின் கழுத்தைத் திருப்பப் போய்விட்டார்.

என் கணவர் காலமானபோது பிள்ளைகள் சுவரில் மாட்ட அலுவலகப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். மாலையில் அண்ணன் வந்தார், தள்ளாத வயது. அந்தப் பழைய தட்டிலிருந்து புதிதாக ஒரு படம் போட்டு, கண்ணாடி மாட்டி, கையில் கொண்டுவந்திருந்தார். “எத்தனையோ தடவை அவரை எடுத்திருக்கேன். எல்லாத்துலயும் என் கேமராவைத்தான் பார்த்தாரு. இது ஒண்ணுலதான் உன்னைப் பார்த்தாரு” என்றார். அன்று முழுவதும் கல்லாக இருந்த நான் அப்போதுதான் அழுதேன்.

அண்ணனிடமிருந்து எனக்கு எஞ்சியவை நிமிர்ந்த கழுத்தும், எங்கே போனாலும் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கமும். அப்புறம் சுவரில் இருக்கும் இந்தப் படம். பேரப்பிள்ளைகள் இதைப் பார்த்து, எல்லோரும் எதைப் பாட்டி பார்க்கிறார்கள் என்று கேட்கிறார்கள். டுரியானை என்று சொல்லி அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறேன். அவர்கள் ஓடிப்போன பிறகு, தலைக்கு மேலிருக்கும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்று அந்தக் கையோடு, எனக்காக அதைப் பிடித்து வைத்த கையையும் நினைத்துக் கும்பிடுகிறேன்.